ரெண்டு நூல் போல்ட்

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், ட்ரைபாட் பிளேட்டில் இருந்த ஸ்க்ரூ எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம். மொட்டை மாடியிலிருந்து சில விநாடி எக்ஸ்போஷரில் எடுக்க வேண்டிய படம், கையில் பிடித்து ஆகிற வேலை இல்லை. ஹார்டுவேர் கடையில் "ரெண்டு நூல் போல்ட் குடுங்க" என்றேன். கொடுத்தார். கேமராவில் இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று, மூன்றாவதில் இறுகியது. சரியாப் பிடிச்சிருச்சு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதுதான் தப்பு.

நம்ம ஊர்க் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். அப்படியானால் ரெண்டு நூல் என்பது கால் இஞ்ச், 6.35 மி.மீ. ஆனால் கட்டட வேலையில் 6 மி.மீ. கம்பிக்கும் அதே பேர்தான். மெட்ரிக் அளவுக்கு 1956-லேயே சட்டம் வந்தாயிற்று, பேச்சு மட்டும் இன்னும் நூலிலேயே நிற்கிறது. கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்: எம்6 போல்ட்.

விட்டத்தில் 0.35 மி.மீ. வித்தியாசம், அதுகூடப் பெரிசில்லை. வில்லன் மரை இடைவெளிதான். கேமரா குழியில் இஞ்சுக்கு 20 மரை, அதாவது சுற்றுக்கு 1.27 மி.மீ. எம்6-இல் 1 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் 0.27 மி.மீ. விலகிக்கொண்டே போகும். போல்ட் கொஞ்சம் ஒல்லி என்பதால் முதல் சில சுற்றுக்கு அந்தத் தொளதொளப்பு தாங்கும். அப்புறம் மரையோடு மரை மோதும். கைக்கு அது பிடிப்பு மாதிரியே தெரியும், அங்கேதான் ஏமாந்தேன்.

இந்தக் கால் இஞ்ச் 20 மரை ரொம்பப் பழசு. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்குப் பொது அளவு முன்வைத்தார், மரைக் கோணம் 55 டிகிரி. 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் அதை 60 டிகிரி ஆக்கினார். ஆனால் கால் இஞ்சுக்கு 20, 3/8 இஞ்சுக்கு 16 என்ற எண்ணிக்கை இரண்டு பேரிடமும் ஒன்றுதான். இன்றைக்கு ஐஎஸ்ஓ 1222 தரத்தில் இருப்பதும் இதே இரண்டு அளவுகள். மெட்ரிக் நாடான ஜப்பானில் செய்த கேமராவிலும் இஞ்ச் மரைதான்! கேமராவில் மட்டும் மாற்றினால் உலகத்தில் உள்ள அத்தனை ட்ரைபாடும் வீண் ஆகிவிடுமே.

3/8 நம்ம கணக்கில் மூணு நூல். பெரிய ட்ரைபாடில் காலும் தலையும் சேரும் இடத்தில் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் போட ஒரு சின்ன புஷ் கிடைக்கிறது.

கடையில் கேட்கும்போது "கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை" என்று சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேலை வைத்துப் பத்து மரையை அளங்கள். 12.7 மி.மீ. வந்தால் சரி, 10 வந்தால் எம்6. நீளமும் பார்க்க வேண்டும், நீண்ட போல்ட் குழியின் அடியைப் போய் முட்டும். முதல் இரண்டு சுற்று விரல் நுனியால் போக வேண்டும். இறுகினால் உடனே கழற்றிவிடுங்கள், ஸ்பேனரைத் தேடாதீர்கள்.

என் கேமராவின் மரை கழண்டது கழண்டதுதான். தீபம் 11 நாள் எரியும் என்பதால், நண்பரின் கேமராவை வாங்கி நாலாம் நாள் ராத்திரி எடுத்தேன். ஏற்றுகிற அந்த நிமிஷம் மட்டும் கிடைக்கவில்லை.