சுக்குக் காப்பியும் மெத்தில்பெனிடேட்டும்

மயிலாடிப் பக்கம் தொண்டை கட்டினா சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்டு ஒரு காப்பி. சிலர் அதிமதுரமும் தட்டிப் போடுவாங்க. கவனக்குறைவுக்கு மெத்தில்பெனிடேட் சாப்பிடும் என் தங்கை மகன் இதைக் குடிக்கலாமா? தேடிப் பார்த்ததில் கிடைத்தது இது.

மிளகிலுள்ள பைப்பரின், பல மருந்துகளை உடைக்கும் சிப்3ஏ4 நொதியைத் தடுக்கும். ஆனால் மெத்தில்பெனிடேட்டை உடைப்பது பெரும்பாலும் சிஇஎஸ்1 என்ற வேறு நொதி. அதனால் என் கவலை மிளகு இல்லை, அதிமதுரம்தான். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாத்திரையும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இதயத் துடிப்பையும் கூட்டும். ரெண்டும் ஒரே பக்கம் தள்ளுது. காப்பித்தூள் போட்டால் கஃபீனும் சேரும்.

தினமும் குடிக்கிறவங்க டாக்டரிடம் "கஷாயம்" என்று பொதுவாகச் சொல்லாமல், அதிமதுரம் என்று பெயர் சொல்லிக் கேளுங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.