திருகாணி இல்லாத அடுக்கு

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலத்தில் குடித்தனம் செய்யும் நம்மவர் இல்லங்களில், அன்றாடம் பயன்படாத, ஆனால் விட்டுவிடவும் மனம் வராத பொருள்கள் சில உண்டு. பாட்டி அரைத்த அம்மி, சீராக வந்த பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, தகப்பனார் எழுதிய கடிதக் கட்டு, பிள்ளைகளின் பழைய புத்தகங்கள் ஆகியவை அத்தகையவை. ஊரில் இவற்றுக்கெல்லாம் பரண் இருந்தது. பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலோ, லாஃப்ட் ஒன்று இருந்தாலும் அதைச் சூட்கேசுகளும் படுக்கைகளும் முன்னதாகவே பிடித்துக்கொண்டுவிடுகின்றன. ஆகவே, மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் பாக்கியசாலிகள் அனைவரும் செய்வதையே நாங்களும் செய்தோம். மிஞ்சியவற்றைக் கொட்டகையின் மூலையில், தரைமீது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தோம்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியைப் பம்பாய்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை புரண்டது. செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் முழங்கால் அளவு நீர் தேங்கிற்று. கொட்டகையில், இரண்டு செங்கல் உயரத்தில், என் மாமியார் கொடுத்த கொலுப் பெட்டி இருந்தது. நீர் வடிந்த பிறகு அதைத் திறந்தோம். சுடாத மண் பொம்மைகள் சேறாகக் கரைந்திருந்தன. காகிதக் கூழால் ஆனவை ஊறிப் பருத்து உருத் தெரியாமல் போயிருந்தன. மரப்பாச்சிப் பொம்மைகள் இரண்டு மாத்திரம், துடைத்து வைத்தவுடன் முன்போலவே நின்றன. பக்கத்திலிருந்த அம்மிக்கும் அண்டாவுக்கும் ஒரு குறையும் நேரவில்லை.

"அம்மிக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருந்தால், அதைக் கீழே போட்டுப் பொம்மைப் பெட்டியை அதன்மேல் வைத்திருக்கலாமே!" என்றாள் என் மனைவி. அவள் வருத்தத்தில் சொன்ன அந்தச் சொல்லில் எவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருந்தது என்பது, சில ஆண்டுகள் கழித்து, வேறொரு அனுபவத்துக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

தரையில் இனி எதையும் வைப்பதில்லை என்று தீர்மானித்த பிறகு, இரும்பு அடுக்கு ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. கடைகளிலும் அலுவலகப் பதிவறைகளிலும் நாம் காணும் துளையிட்ட ஆங்கிள் அடுக்கு யாவரும் அறிந்ததே. லண்டனில் அச்சகம் நடத்திய டெமெட்ரியஸ் கொமினோ என்பவர் உருவாக்கி, 1947-இல் டெக்சியன் என்ற நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட துளைக் கோணச் சட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. குழந்தைகளின் மெக்கானோ விளையாட்டைப்போல் வேண்டிய இடத்தில் வேண்டியபடி முடுக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் திருகாணியும் நட்டும் டஜன் கணக்கில் வேண்டும். கடற்காற்று வீசும் நம் பம்பாயில் அவை துருப்பிடித்துவிட்டால், பிறகு கழற்றுவது அறுத்தெடுக்கும் வேலையாகிவிடும்.

இதற்கு மாற்றாக வந்திருப்பதுதான் திருகாணியே வேண்டாத அடுக்கு. அதன் அமைப்பு மிக எளியது. 'ட' வடிவில் மடித்த நான்கு எஃகுக் கால்கள்; அவற்றின் நெடுகிலும், மேலே அகன்றும் கீழே குறுகியும், சாவித் துவாரம் போன்ற துளைகள். குறுக்குச் சட்டங்களின் இரு முனைகளிலும் ரிவெட் எனப்படும் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். குமிழைத் துளையின் அகன்ற பகுதியில் நுழைத்து, ரப்பர் சுத்தியலால் மேலிருந்து தட்டினால், அது குறுகிய பகுதியில் இறங்கி இறுகிக்கொள்ளும். சட்டங்களின்மேல் பலகையை வைத்துவிட்டால் தட்டு ஆயிற்று. சுமை ஏற ஏறக் குமிழ் கீழ்நோக்கி இன்னும் இறுகுமேயன்றித் தளராது. மரத்தில் அடித்த ஆப்பைப் போன்றது இது. சுமையே இங்கே பூட்டு.

நான் வாங்கியது 180 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் 40 செ.மீ. ஆழமும் உடையது, ஐந்து தட்டுகள் கொண்டது. விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், "அரை மணி வேலை, மாமா!" என்று உற்சாகமாகத் தொடங்கினான். ஒரு மணி கழிந்தும் ஒரு சட்டமாவது நிலைக்கவில்லை. தட்டினால் இறுகுவதற்குப் பதிலாகக் கழன்று கையோடு வந்தது. பிறகுதான் கவனித்தோம்: நான்கு கால்களில் இரண்டைத் தலைகீழாக வைத்திருந்தோம்! துளையின் குறுகிய பக்கம் எப்போதும் தரையை நோக்கி இருக்கவேண்டும். அடுக்குப் பூட்ட முற்படுகிறவர்கள் முதலில் செய்யும் பிழை இதுவே. ஆதலால் வேலை தொடங்குமுன் நான்கு கால்களையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தி, துளைகள் யாவும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று சரிபார்த்து, மேல்முனையில் சாக்கட்டியால் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். எஃகுத் தகட்டின் விளிம்பு கத்திபோல் இருக்கும். ஆகவே முதலில் கைக்கு உறை அணிந்துகொள்க. கால்கள் இரண்டு துண்டுகளாக வந்திருந்தால், இணைப்புத் துண்டைக் கொண்டு சேர்த்து, அடியில் பிளாஸ்டிக் பாதங்களை மாட்டுக. அடுத்து, இரண்டு கால்களைத் தரையில் கிடத்திக் குறுகிய சட்டங்களைப் பூட்டினால் ஏணி போன்ற ஒரு பக்கம் கிடைக்கும். மற்றப் பக்கத்தையும் அவ்வாறே செய்க. பிறகு இரண்டு ஏணிகளையும் நிமிர்த்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் நீண்ட சட்டங்களை மாட்டவேண்டும். அடியில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக முதலில் மாட்டினால் அடுக்கு தானே நிற்கும். பலகை அமரும் படி உள்நோக்கி இருக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் எதையும் ஓங்கி அடித்துவிடாதீர்கள். கையால் அழுத்தி நிறுத்தினாலே போதும்.

எல்லாச் சட்டங்களும் ஏறிய பின்னர், மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அடுக்கு கோணலில்லாமல் நிற்கிறது என்று பொருள். வேறுபட்டால், நீளமான மூலைவிட்டத்தின் வழியே மெல்லத் தள்ளிச் சரிசெய்து, அதன் பிறகே சுத்தியலால் ஒவ்வொரு மூலையையும் இறுதியாகத் தட்டி இறுக்கவேண்டும். ரப்பர் சுத்தியல் இல்லாவிட்டால், சட்டத்தின்மேல் ஒரு மரத்துண்டை வைத்து அதன்மேல் சாதாரணச் சுத்தியலால் தட்டலாம். இரும்பின்மேல் இரும்பு நேரே பட்டால் பூச்சு உரியும். உரிந்த இடத்தில் துரு குடியேறும்.

அன்று மாலை அடுக்கு கம்பீரமாக நின்றது. அதன் பிறகு நான் செய்த காரியந்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

வெள்ளத்தின் நினைவு மனத்தில் இருந்தது அல்லவா? கீழே எது வைத்தாலும் போய்விடும் என்ற அச்சத்தில், கீழிரண்டு தட்டுகளையும் காலியாக விட்டு, மேல் மூன்று தட்டுகளில் எல்லாவற்றையும் ஏற்றினேன். அம்மி நான்காம் தட்டில், அண்டா உச்சியில். ஒரு வாரம் சென்றது. அப்போது நான்கு வயதாகியிருந்த என் பேரன், எதையோ எடுப்பதற்காகக் காலித் தட்டில் காலை வைத்து, மேல் சட்டத்தைப் பிடித்து ஏறினான். அடுக்கு முன்பக்கம் சாய்ந்தது. அருகில் நின்ற நான் தோள்கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அண்டா உருண்டு பேரனுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அம்மி விழவில்லை. விழுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க நான் துணிவதில்லை.

பூட்டியதில் பிழை இல்லை. ஒரு குமிழ்கூடக் கழன்றிருக்கவில்லை. பிழை வேறு மூன்று இடங்களில் இருந்தது. சுமை மேலே, வெற்றிடம் கீழே என்பது முதற்பிழை. மோட்டார் கொட்டகையின் தரை, நீர் வெளியே ஓடுவதற்காக வாயிற்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும். அதை நான் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. ஆகவே அடுக்கு தொடக்கத்திலிருந்தே இம்மியளவு முன்சாய்ந்து நின்றது. இது இரண்டாவது. அடுக்கைச் சுவரோடு பிணைக்காமல் விட்டது மூன்றாவது. சுமை இறுக்குவது மூலைகளை மாத்திரமே. அடுக்கு முழுதும் கவிழாமல் காப்பது அதன் வேலையன்று. அது நம்முடைய வேலை.

அப்படியானால் வெள்ளத்துக்கு அஞ்சி மேலே வைப்பதா, கவிழ்வதற்கு அஞ்சிக் கீழே வைப்பதா? இங்கேதான் என் மனைவியின் பழைய சொல் நினைவுக்கு வந்தது. கனமான பொருள்களுள் பெரும்பாலானவை நீருக்கு அஞ்சாதவை: அம்மி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா, வெண்கலப் பானை, இரும்புக் கருவிகள். இவற்றைத் துடைத்து உலர்த்தினால் போதும். நீருக்கு அஞ்சுகிறவற்றுள் பல இலேசானவை: பொம்மைகள், கடிதங்கள், நிழற்படங்கள், பட்டுத் துணிகள். எனவே நீருக்கு அஞ்சாத கனம் கீழே. நீருக்கு அஞ்சும் இலேசு மேலே. இந்த ஒரே விதி இரண்டு ஆபத்துக்கும் பரிகாரமாகிறது. புத்தகங்கள் மாத்திரம் கனமும் உடையவை, நீருக்கும் அஞ்சுபவை. அவற்றைச் சிறு சிறு கட்டுகளாக்கி நடுத்தட்டில் பரப்பி வைக்கவேண்டும்.

மறுநாளே எல்லாவற்றையும் இறக்கினோம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, முன்கால்களின் கீழ்த் தகட்டுத் துண்டுகள் செருகி நேராக்கினோம். கடைசியாக, மேல்தட்டுக்கு அருகில் இரு கால்களையும் இரும்புப் பட்டைகளால் சுவரோடு பிணைத்தோம். சுவரில் துளையிட்டு, பிளக் வைத்து, இரண்டு திருகாணி முடுக்கினோம். திருகாணி இல்லாத அடுக்குக்கு அவசியமான திருகாணிகள் இந்த இரண்டுதாம். பூச்சுக்காரை மட்டும் பிடித்தால் போதாது. துளை உள்ளே செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்கவேண்டும். தில்லியிலும் அஸ்ஸாமிலும் குஜராத்திலும் உள்ள நம்மவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யவேண்டும். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் கட்ச்சில் நேர்ந்த பூகம்பம், தொலைவிலுள்ள ஆமதாபாத்திலும் கட்டடங்களைச் சாய்த்தது என்பதை நினைவில் கொள்க.

இன்னும் சில குறிப்புகள். ஒரு தட்டு 100 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், தட்டு முழுவதும் சமமாகப் பரவிய 100 கிலோ என்பதே பொருள். அம்மியை நடுப்பலகையில் தனியே வைத்தால், அதைவிடக் குறைந்த எடையிலேயே பலகை தொய்ந்துவிடும். அதை மூலைக்கு அருகே, சட்டத்தின்மேல் அழுந்தும்படி வைக்கவேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நனைந்தால் உப்பி உதிரும். ஆகவே அடித்தட்டுக்கு மாத்திரமாவது எஃகுத் தகடு வாங்குங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், வர்ண டப்பாக்கள் ஆகியவற்றுக்கு இந்த அடுக்கு இடமன்று. கூட்டுறவுக் குடியிருப்பில் இருப்பவர்கள், கொட்டகையில் பொருள் வைக்கச் சங்கத்தின் இசைவை முன்னதாகப் பெற்றுக்கொள்வது நலம். மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுக்கு ஒரு முறை பூச்சு உரிந்த இடங்களைத் தேய்த்து வர்ணம் தீட்டுங்கள்.

உத்தியோக மாற்றலில் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்கு இந்த அடுக்கு மிகவும் ஏற்றது. பலகைகளை எடுத்துவிட்டு, சட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் வந்த வழியே கழன்றுவிடும். கால்களும் சட்டங்களும் ஒரே கட்டாக லாரியில் ஏறிவிடும். சுவரில் எஞ்சுவது இரண்டு சிறு துளைகள் மாத்திரமே; அவற்றை அடைத்துவிட்டால் வீட்டுக்காரர் குறைசொல்ல இடமிராது. கழற்றுமுன் ஒவ்வொரு தட்டும் எத்தனையாம் துளையில் இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டால், புது ஊரில் அரை மணி வேலை என்பது உண்மையிலேயே அரை மணியாகிவிடும்.

கரைந்துபோன பொம்மைகளை மீட்க முடியவில்லை. ஆயினும் ஒவ்வொரு ஆண்டும் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டு வாங்கிவந்து, இப்போது மறுபடியும் ஐந்து படி கொலு வைக்கிறோம். விஜயதசமிக்குப் பின் அவற்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியிலிட்டு, உச்சித் தட்டில் ஏற்றுவது என் வேலை. மரப்பாச்சிகள் இரண்டையும் என் மனைவி அதே பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறாள். அவை நீருக்கு அஞ்சாதவை. விதிப்படி கீழே இருக்கலாம். அந்த ஒரு விதிவிலக்கைப் பற்றி நான் அவளிடம் பேசுவதில்லை.