வானுயர்ந்த கோட்டையூர்

கோட்டை என்றதும் மன்னனும் அவன் படையும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. நெசவாளரும் தோல் வினைஞரும் வணிகரும் வாழ்வதற்கென்றே எழுந்த கோட்டையூர் ஒன்றைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில், ஆல்பி நகருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் உச்சியில் அமைந்திருப்பது கோர்த் என்னும் அவ்வூர்.

நான் அங்குச் சென்றது ஓர் இலையுதிர் காலத்துக் காலைப்பொழுது. கீழே செரூ ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி நிரப்பியிருந்தது. மேலே வீடுகள் மட்டும் மிதப்பனபோல் தோன்றின. 1993இல் அவ்வூரின் பெயரோடு 'வானத்தின் மேல்' எனப் பொருள்படும் 'சூர் சியல்' என்னும் சொற்களைச் சேர்த்தது ஏன் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

இவ்வளவு உயரத்தில் மக்கள் குடியேறியது எதற்காக? அச்சமே காரணம். காதார் என்னும் சமயப் பிரிவினரை ஒடுக்குவதற்காக 1209இல் தொடங்கிய சிலுவைப்போர் அந்நாட்டு ஊர்களைப் பாழாக்கியது. வீடிழந்தோர்க்குப் புகலிடமாக, துலூஸ் கோமகன் ஏழாம் ரெமோன் 1222இல் இவ்வூரை நிறுவினான். குடியேறுவோர்க்கு வரிச் சலுகைகளும் அளித்தான். 1229இல் உடன்படிக்கை ஏற்பட்டுப் போர் ஓய்ந்தது. எனினும் மக்கள் குன்றைவிட்டு இறங்கவில்லை. துணியும் தோலும் விற்றுச் செல்வம் பெருகியது. பழைய மதிலுக்குள் இடம் போதாமல், வெளியே புதிய மதில்கள் எழுந்தன. வணிகர் மாளிகை ஒன்றன் முகப்பில் மானும் பன்றியும் வேட்டை நாயும் கல்லில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அம்மாளிகையன்று. 24 தூண்கள் தாங்கும் சந்தை மண்டபத்தினுள் ஒரு கிணறு இருக்கிறது. அதன் ஆழம் 113 மீட்டர்! பகைவர் முற்றுகையிட்டால் மதில் வாளைத் தடுக்கும், தாகத்தைத் தடுக்குமா? அதனை உணர்ந்தவர்கள் பாறையைக் குடைந்து அத்துணை ஆழம் இறங்கினார்கள்.

ஆயினும் மதிலால் தடுக்க இயலாதவை வந்தன. 1348இல் கொள்ளைநோய் பரவியது. பிற்காலத்தில், 1681இல் திறக்கப்பட்ட தெற்குக் கால்வாய் வழியே வாணிகம் வேறிடம் சென்றது. ஊர் வறுமையுற்றது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டப் பொருள் இல்லாமையால், அவ்வீடுகள் நமக்கு எஞ்சின. இன்று அங்கு வாழ்வோர் ஆயிரவருக்கும் குறைவே.

மாணவ நண்பர்களே, கோட்டை ஒன்றைக் காணும்போது மதிலின் உயரத்தை வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதனுள் கிணறு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அங்கு வாழ்ந்த மக்களின் கதை அவ்விடத்திலிருந்துதான் தொடங்குகிறது.