இயக்குநர் ஆகும்வரை சோறு போடுவது யார்?

"நான் சினிமாவுல டைரக்டர் ஆகப்போறேன்" என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால், நம் வீடுகளில் முதலில் விழுவது திட்டு. அடுத்து வருவது ஒரு கேள்வி: "அதுவரைக்கும் எவன் சோறு போடுவான்?" திட்டை விட்டுவிடலாம். கேள்வி நியாயமானது. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்வருகிற தாய் வேறு எதைக் கேட்பாள்? தமிழ்த் திரையுலகில் யார் இயக்குநர் ஆகிறார், யார் பாதியிலேயே ஊருக்கு பஸ் ஏறுகிறார் என்பதற்கான விடையில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆகவே இந்த வாரம் அதையே பேசுவோம்.

ஏணியும் அதன் படிகளும்

விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதி, பணி ஆணை வாங்கி யாரும் இயக்குநர் ஆவதில்லை. இங்கே நெடுங்காலமாக நடப்பது குருகுல முறை. ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர வேண்டும். கிளாப் அடிக்க வேண்டும். நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலையில் எடுத்த காட்சியில் கதாநாயகன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தானா, எந்தக் கையில் வாட்ச் கட்டியிருந்தான் என்று நோட்டில் குறித்துவைக்க வேண்டும். துணை நடிகர் வந்தாரா, சாப்பாடு வந்ததா என்று ஓட வேண்டும். இப்படி இரண்டு மூன்று படம் பார்த்தவர் இணை இயக்குநர் ஆவார். பிறகு சொந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் அலுவலகங்களுக்கு நடப்பார்.

இந்த முறையில் நல்லது உண்டு. தொழில் கைக்குக் கை மாறுகிறது. புட்டண்ணா கனகாலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும். இன்னொரு கிளையில் பாலுமகேந்திராவிடம் பாலா, வெற்றிமாறன், ராம். ராமிடம் மாரி செல்வராஜ். இப்படி ஒரு கொடிவழியே வரைந்துவிடலாம்.

கெட்டது இரண்டு. ஒன்று, காலம். படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் பேட்டா கிடைக்கும். கதை விவாதம் நடக்கும் மாதங்களில் பல இடங்களில் டீயும் மதியச் சாப்பாடும்தான். இரண்டு படங்களுக்கு நடுவே அதுவும் இல்லை. சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துக்கொண்டு கழிக்கும் ஆண்டுகள் இவை. வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறவர் இந்த ஆண்டுகளைத் தாண்டிவிடுவார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் எப்படித் தாண்டுவார்?

இரண்டாவது, நுழைவாயில். உதவியாளர் வேண்டும் என்று யாரும் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்க்காரர் சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள். "எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" என்ற மூன்று கேள்வியில் சாதி வெளியே வந்துவிடும். பரம்பரையாக நிலமோ கடையோ தியேட்டரோ வைத்திருந்த சாதிகளுக்குத் திரையுலகில் சொந்தபந்தம் இருக்கிறது. அந்தச் சொந்தம் நம் தெருவுக்கு வரவில்லை. யாரும் கதவில் பலகை மாட்டவில்லை என்றாலும், தெரிந்த முகத்துக்கே கதவு திறந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள்?

ஆவடி பக்கத்துக் கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவர் பா. ரஞ்சித். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தார். வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' படத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். அந்தப் படம் வந்தது 2007-ல். ரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி' வந்தது 2012-ல். இடையில் ஐந்து ஆண்டு. அதன் பிறகு 2014-ல் 'மெட்ராஸ்', 2016-ல் 'கபாலி'.

மாரி செல்வராஜ் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்துக்காரர். சிறுவயதில் வாழைத்தார் சுமந்த வாழ்க்கையை 2024-ல் 'வாழை' படமாக எடுத்தார். ராமிடம் 'கற்றது தமிழ்', 'தங்க மீன்கள்', 'தரமணி' என்று மூன்று படங்களில் வேலை பார்த்தார். 'கற்றது தமிழ்' 2007. அவருடைய முதல் படம் 'பரியேறும் பெருமாள்' 2018. இடையில் 11 ஆண்டு. ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து பிளஸ் ஒன் முடிக்கிற காலம் அது.

அந்த 11 ஆண்டில் அவர் சும்மா காத்திருக்கவில்லை, எழுதினார். 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்ற சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஆனந்த விகடனில் 'மறக்கவே நினைக்கிறேன்' தொடர் வந்தது. கேமரா கைக்கு வரும் முன்பே அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். எழுத்துக்குத் தேவை ஒரு நோட்டும் பேனாவும். ஒருவரின் சிபாரிசும் இல்லாமல் தொடங்கக்கூடிய ஒரே சினிமா வேலை எழுத்துதான். மாணவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் நாகராஜ் மஞ்சுளே. சோலாப்பூர் மாவட்டம் ஜேவூர் கிராமம், கல் உடைக்கும் வடார் சமூகம். மராத்தி இலக்கியம் படித்தார், கவிதை எழுதினார், பிறகு ஊடகக் கல்வியில் சேர்ந்தார். அவர் எடுத்த 'பிஸ்துல்யா' என்ற குறும்படம் தேசிய விருது பெற்றது. பிறகு பன்றி பிடிக்கும் குடும்பத்துச் சிறுவனின் கதையான 'ஃபன்ட்ரி'. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2016-ல் வந்த 'சைராட்' மராத்தி சினிமாவின் வசூல் கணக்கையே மாற்றி எழுதியது. அவர் ஏறியது படிப்பும் கவிதையும் குறும்படமும் சேர்ந்த வேறொரு ஏணி.

மூவரிடமும் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறோம். மூவரும் கல்லூரி வாசல் மிதித்தவர்கள், நிறைய வாசித்தவர்கள். சினிமாவுக்காகப் படிப்பை விடுவது வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையில் பட்டம் இருந்தால் காத்திருக்கும் ஆண்டுகளில் டியூஷன் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கலாம். பட்டம் இல்லாதவருக்கு அந்த ஆண்டுகள் இன்னும் கடினம்.

வாசல்கள் வேறு எங்கே?

முதலாவது, அரசுக் கல்வி நிறுவனங்கள். சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். இயக்கமும் திரைக்கதை எழுதுதலும் அதில் ஒரு பிரிவு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று மற்றப் பிரிவுகளும் உண்டு. 1986-ல் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த 'ஊமை விழிகள்' திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி எடுத்த படம்தான்.

மத்திய அரசின் கீழ் புனேயிலும் கொல்கத்தாவிலும் திரைப்படக் கல்லூரிகள் உள்ளன. இயக்கம் படிக்க ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திரைக்கதைக்கும் தொலைக்காட்சி இயக்கத்துக்கும் புனேயில் தனிப் படிப்புகள் உண்டு. இவை எல்லாம் அரசு நிறுவனங்கள். ஆகவே இடஒதுக்கீடு உண்டு. கல்வி உதவித்தொகை பற்றியும் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர் சிபாரிசு இல்லாமல் சட்டப்படி நமக்குத் திறக்கும் கதவு இது. ஆனால் பொறியியலும் நர்சிங்கும் பி.எட்.டும் தெரிந்த நம் ஊர்களில் தரமணி விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று தெரிந்த வீடு எத்தனை?

இரண்டாவது, குறும்படம். 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் வந்தார்கள். பல ஆண்டுகள் உதவியாளராக இருக்காமலும் இயக்குநர் ஆகலாம் என்று காட்டினார்கள். நல்லதுதான். ஆனால் குறும்படத்துக்கும் பணம் வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிச் சம்பளத்தில் எடுப்பவருக்கும் கட்டட வேலைக் கூலியில் எடுப்பவருக்கும் ஓட்டம் ஒரே கோட்டில் தொடங்கவில்லை. இன்று செல்போனிலேயே படம் எடுக்கலாம் என்பது அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

மூன்றாவது, தொலைக்காட்சித் தொடர். சினிமாக்காரர்கள் சிலர் இதை இளப்பமாகப் பேசுவார்கள். நாம் அப்படிப் பார்க்க வேண்டாம். தினமும் ஒரு பகுதி ஒளிபரப்பாக வேண்டும் என்பதால் அங்கே வேலை தொடர்ந்து இருக்கும், எடுக்கும் வேகமும் கைவரும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்து எழுதுவதால் எழுதத் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு. சமுத்திரக்கனி தொடர்களில் வேலை பார்த்துப் பழகியவர்தான். சோறு போடும் வேலையைச் செய்துகொண்டே சொந்தக் கதையை எழுத முடிந்தால் அதில் குறைவில்லை.

எழுதியதைக் காப்பாற்றுங்கள்

எழுதுகிற பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கதையின் கருவுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. எழுதிவைத்த வடிவத்துக்குத்தான் பதிப்புரிமை. டீக்கடையில் வாய்வழியாகச் சொன்ன கதை காற்றோடு போய்விடும். காட்சி வாரியாக எழுதி, தேதி போட்டு, பதிவுசெய்து வைக்க வேண்டும்.

2018-ல் 'சர்கார்' படத்தின்போது நடந்தது நினைவிருக்கும். தன் கதையும் அந்தப் படத்தின் கதையும் ஒன்று என்று ஓர் உதவி இயக்குநர் முறையிட்டார். அவர் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே கதையைப் பதிவுசெய்திருந்தார். படத்தின் இயக்குநர் குற்றச்சாட்டை மறுத்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டு கதைகளின் கருவும் ஒத்துப்போவதாகச் சொன்னார். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், படம் வெளியாகும் முன்பே சமரசம் ஆனது. அந்த உதவி இயக்குநருக்குப் படத்தில் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள். யார் சொன்னது சரி என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. பெரிய நடிகர், பெரிய நிறுவனம் என்று எல்லாம் எதிரே நின்றபோதும் ஒரு உதவி இயக்குநரின் குரல் கேட்டதற்குக் காரணம், சங்கத்தின் அலமாரியில் இருந்த அந்தப் பதிவுதான். நிலத்துக்குப் பட்டா போல எழுத்துக்கும் ஒரு பட்டா வேண்டும். பட்டா இல்லாத நிலத்துக்கு என்ன ஆகும் என்று பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உள்ளே போனவர் கதவைப் பிடித்துக்கொண்டால்

ஒருவர் உள்ளே போவதால் ஏணி மாறிவிடாது. உள்ளே போனவர் அடுத்தவருக்காகக் கதவைத் திறந்து பிடிக்கும்போதுதான் மாறும். ரஞ்சித் தன் நீலம் நிறுவனம் மூலம் முதலில் தயாரித்தது மாரி செல்வராஜின் முதல் படத்தை. பிறகு 2019-ல் அதியன் ஆதிரையின் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2021-ல் பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்', 2024-ல் ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்', சுரேஷ் மாரியின் 'ஜெ. பேபி'. எல்லாம் அந்தந்த இயக்குநருக்கு முதல் படம். இவர்களில் பலர் ரஞ்சித்திடமே உதவியாளராக இருந்தவர்கள். உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து வாசிக்கவும் பேசவும் சென்னையில் 'கூகை' என்ற நூலகமும் தொடங்கினார்.

இந்தியில் 'மசான்' எடுத்த நீரஜ் கய்வான் தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொன்னவர். தலித், பகுஜன், ஆதிவாசிப் பின்னணியிலிருந்து எழுத்தாளர்களும் உதவியாளர்களும் வேண்டும் என்று அவர் பொதுவெளியில் அழைப்பு விடுத்தார். சிபாரிசாலேயே நடக்கும் தொழிலில் இப்படி அறிவித்து ஆள் தேடுவது சாதாரணக் காரியமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் குறுகல். ஐந்தாறு பேர் தங்கும் அறை அவர்களுக்குக் கிடையாது. இரவுப் படப்பிடிப்பு முடிந்து போய்ச்சேர இடம் வேண்டும். தங்கும் விடுதியோடு கூடிய கல்லூரிப் படிப்பும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய எழுத்து வேலையும் அவர்களுக்கு முதல் படியாக அமையலாம். ஆனால் பாதுகாப்பான இடத்தை ஏற்படுத்தித்தர வேண்டியது தொழிலை நடத்துகிறவர்களின் பொறுப்பு.

ஊர் என்ன செய்யலாம்?

நம் ஊர்களில் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறோம். ஏப்ரல் 14-க்கு ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அதே கையால் சில காரியங்கள் செய்யலாம். அம்பேத்கர் மன்றத்து அலமாரியில் நான்கு திரைக்கதைப் புத்தகமும் இருபது சிறுகதைப் புத்தகமும் வைக்கலாம். மாதம் ஒருநாள் ஒரு நல்ல படம் திரையிட்டுப் பேசலாம். கேமரா, படத்தொகுப்புக் கருவி வாங்க தாட்கோ சுயதொழில் கடனுதவி கிடைக்குமா என்று மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் வேலைக்குப் போன பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 300 ரூபாய் போட்டால் 3,000 ரூபாய். சென்னையில் ஒரு பிள்ளையின் அறை வாடகைப் பங்குக்கு அது உதவும். குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஊர் இரண்டு ஆண்டு பொறுக்கிறது. கதை எழுதும் பிள்ளைக்கும் அந்தப் பொறுமையைக் காட்டலாம்.

மாணவர்களுக்குச் சொல்வது: படிப்பை முடியுங்கள். தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் தெருவில் நடந்ததையே எழுதுங்கள், அது வேறு யாருக்கும் தெரியாத கதை. எழுதியதைப் பதிவுசெய்யுங்கள். இத்தனை ஆண்டுக்குள் ஒரு படம், இல்லையென்றால் இன்ன வேலை என்று வீட்டில் கணக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

"எவன் சோறு போடுவான்?" என்று கேட்கிற தாய்க்கு அந்தக் கணக்கே முதல் பதில். அடுத்த பதிலைச் சொல்ல வேண்டியவர்கள், அந்தப் பத்துப் பேராக இருக்கக்கூடிய நாம்.