வான்படத்தில் பாசிர் ரிஸ்: பழைய கரையை அளப்பது எப்படி?

பாசிர் ரிஸ் பூங்காவில் நீங்க சைக்கிள் ஓட்டும் பாதையின் ஒரு பகுதி முன்பு கடல். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய நிலமீட்புக்கு முன் கரை எங்கே இருந்தது? போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப் படை எடுத்த வான்படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

முதலில் அளவுவிகிதம். கேமராவின் குவியத் தூரத்தை விமானம் பறந்த உயரத்தால் வகுங்கள். 152 மில்லிமீட்டர் லென்ஸ், 1,520 மீட்டர் உயரம் என்றால் 1:10,000. படத்தில் 1 சென்டிமீட்டர், தரையில் 100 மீட்டர். உயரம் தெரியலையா? இன்றும் மாறாத இரண்டு சாலைச் சந்திப்புகளைப் பிடித்து, இடையிலுள்ள தூரத்தை இன்றைய மேப்போடு ஒப்பிடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் மணல் பளிச்சென்று இருக்கும். சதுப்புநிலக் காடு கரும் திட்டு. தென்னந்தோப்பு? குட்டி நட்சத்திரங்கள் மாதிரி!

பலரும் ஏமாறுவது தண்ணீரின் விளிம்பில்தான். சிங்கப்பூரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சில நாள்களில் சுமார் 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். தட்டையான கரையில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். ஒரு படம் வற்றத்திலும் அடுத்தது ஏற்றத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், அரிக்காத கரைகூட அரித்ததுபோலத் தெரியும். அதனால் மணற்கரையில் செடிகொடி தொடங்கும் கோட்டிலிருந்து அளங்க.