முனை மாறினால் கடற்கரை மலையாகும்

தூத்துக்குடிக் கடற்கரையில் 768 மீட்டர் உயர மலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? ஆனால் கணிப்பொறி அப்படிச் சொல்லக்கூடும். குற்றம் அதனுடையதன்று, எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்த நம்முடையதே. எப்படி என்று பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடார் கருவியுடன் 11 நாள்கள் புவியைச் சுற்றி, நிலத்தின் உயரங்களை அளந்தது. அவ்வளவுகள் பாகைக்கு ஒரு கோப்பாகத் தொகுக்கப்பட்டன. தூத்துக்குடியும் திருச்செந்தூரும் அடங்கிய கோப்பின் தென்மேற்கு மூலை, வடக்கு 8 பாகை, கிழக்கு 78 பாகை. அதில் சுமார் 90 மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு 1201 எண்கள், வரிசைகளும் 1201. எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் மொத்தம் 28,84,802 பைட்டுகள்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே எழுதலாம். 300 என்று எழுத 1, 44 என இரு பைட்டுகள் வேண்டும்; 1×256+44=300 அல்லவா? இக்கோப்பில் பெரிய பகுதி முதலில் வருகிறது. இது 'பெருமுனை' முறை. நம் மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை சிறிய பகுதியை முதலில் வைக்கும் 'சிறுமுனை' வகையின. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டையிட்ட குள்ளர்களின் கதையை ஜோனதன் ஸ்விப்ட் 1726-இல் எழுதினார். அதிலிருந்தே டேனி கோஹன் 1980-இல் இப்பெயர்களை எடுத்தாண்டார்.

3 மீட்டர் உயரமுள்ள தெரு 0, 3 என்று பதிவாகியிருக்கும். முனை மாற்றிப் படித்தால் 3×256+0, அதாவது 768 மீட்டர்! கடலோ 0, 0. எப்படிப் படித்தாலும் மாறாது. கடல் சரியாகத் தெரிவதால் பிழை எளிதில் கண்ணில் படாது. அளவு கிடைக்காத இடத்தை −32768 என்று குறிக்கிறார்கள். அதன் பைட்டுகள் 128, 0. தலைகீழாகப் படித்தால் 128 மீட்டர் குன்றாகிவிடும்!

பாதுகாப்பான வழி எளிது. பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். விடை 32768 அல்லது அதற்கு மேல் என்றால் 65536-ஐக் கழியுங்கள். எந்த வகைக் கணிப்பொறியிலும் இது ஒரே விடை தரும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, பைட்டைக் குறியற்ற எண்ணாகவே கொள்ளுங்கள். இல்லையேல் 200 என்பது −56 ஆகும். இரண்டு, இரு பைட்டுகளையும் ஒரே எண்ணாகச் சேர்த்து எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். சில செயலிகளில் நினைவக முகவரி ஒற்றைப்படையானால் நிரல் நின்றுவிடும். மூன்று, படிக்குமுன் இரு பைட்டுகள் மீதமுள்ளனவா என்று பாருங்கள்.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் எங்கே தேங்கும் என்று வரைபடம் போடும்போது தாழ்ந்த தெரு மலையுச்சியில் நின்றால் என்னாகும்? ராடார் அளவிலேயே சில மீட்டர் பிழை உண்டு. கூரையையும் மரத்தையும் அது தரையோடு சேர்த்தே பார்க்கிறது. ஆகவே நேரடி நில அளவையும் தேவை. இருக்கும் பிழையோடு நம் பிழையையும் சேர்க்க வேண்டாமே!

இனி 255, 254 என்ற பைட்டுகளை நீங்களே படித்துப் பாருங்கள். −2 வந்தால் உங்கள் முறை சரி.