பதனீரும் ஒரு பெண் விஞ்ஞானியும்

நம் நெல்லைச் சீமையில் பனையேறுபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பின்னரே அதைப் பாளையில் கட்டுவார். தடவாவிட்டால் இனிக்கும் பதனீர் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். சிறிதளவு சுண்ணாம்பில் அப்படி என்ன மாயம்? எங்கள் வகுப்பில் எழுந்த இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பதனீரில் சர்க்கரை உண்டு. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இவ்வேலையைச் செய்பவை ஈஸ்ட்டினுள் இருக்கும் நொதிகள். இவற்றை என்ஸைம்கள் என்றும் சொல்வர். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது; அதன் நொதிகளும் சரிவரச் செயல்பட முடியாது. ஆகவே பதனீர் பதனீராகவே இருக்கிறது.

நொதி ஓர் உயிரன்று. அது ஓர் இரசாயனப் பொருள். ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் புக்னர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதை 1897இல் கண்டார். அதற்காக 1907இல் நோபல் பரிசும் பெற்றார். பெரும்பாலான நொதிகள் புரதங்களே. இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் அவை தாம் செலவாவதில்லை. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம்.

இத்துறையில் உழைத்த கமலா சோஹோனி அம்மையாரைப் பற்றிப் படித்தபோது நாங்கள் வியந்தோம். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய அவர் விண்ணப்பித்தார். அப்போது இயக்குநராக இருந்தவர் சர் சி.வி. ராமன். பெண் என்பதால் அம்மையாருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் மனம் தளர்ந்து திரும்பிவிடவில்லை. உரிமையைக் கேட்டு நின்றார். ஓராண்டு தகுதி பார்க்கப்படும் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி கிடைத்தது. மனம் வருந்தினாலும் நிபந்தனையை ஏற்று உழைத்தார். அவர் உழைப்பைக் கண்ட பின்னர் மற்றப் பெண்களுக்கும் அக்கழகத்தின் கதவு திறந்தது.

பின்பு கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கை ஆராய்ந்து, சுவாசத்திற்கு உதவும் சைட்டோகுரோம் 'சி' என்னும் புரதம் தாவரங்களிலும் உண்டு என்று கண்டறிந்தார். 1939இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் பணியாற்றினார். பம்பாயில் இருந்தபோது அவர் ஆராய்ந்த பொருள் எது தெரியுமா? நீரா, அதாவது நம் பதனீரே! அதில் வைட்டமின்களும் இரும்புச்சத்தும் இருப்பதையும், காய்ச்சிய வெல்லத்திலும் அவை எஞ்சியிருப்பதையும் கண்டார். எங்கள் பாட்டிமார் தரும் கருப்பட்டிக் காப்பியை இனி மறுக்கமாட்டோம்!

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்களுள் பலர் வீட்டில், "பெண்பிள்ளைக்கு எதற்கு சயன்ஸ் குரூப்?" என்ற பேச்சு எழும். அன்புள்ள பெற்றோரே, ஓராண்டுத் தவணையில் ஒரு பெண் என்ன சாதித்தார் என்பதை அப்போது நினைத்துப் பாருங்கள். இறைவன் எங்களுக்குத் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிக் காட்ட எங்களுக்கும் ஒரு வாய்ப்புத் தாருங்கள்.